மண் மாடங்களும் ஒரு மறைவசனமும்

ஹூது நபி (அலை) அவர்கள் தம் சமூகத்தாராகிய ஆது கூட்டத்தாரை நோக்கிக் கேட்ட கேள்விகளுள் ஒன்று கட்டடங்களைப் பற்றியது. மேடுதோறும் வீணுக்காகச் சின்னங்களை எழுப்புகிறீர்களே என்றும், என்றென்றும் வாழப் போகிறவர்களைப்போலப் பெருங்கட்டுமானங்களை அமைத்துக்கொள்கிறீர்களே என்றும் அவர்கள் இடித்துரைத்ததைத் திருமறையின் 26-ஆம் அத்தியாயமாகிய 'அஷ்ஷுஅரா' எடுத்தியம்புகிறது. அக்கூட்டத்தார் வாழ்ந்த இடம் 'அஹ்காஃப்' எனும் மணற்குன்றுப் பகுதி என்பதும் மறை தரும் செய்தியே. விரிவுரையாளர் பலர் அவ்விடத்தைத் தென் அரேபியாவில், ஓமானுக்கும் ஹள்ரமௌத்துக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் வைத்துப் பேசுவர். ஹூது நபி அவர்களின் அடக்கத்தலம் என்று காலங்காலமாகப் போற்றப்பட்டு வரும் இடமும் ஹள்ரமௌத்துப் பள்ளத்தாக்கிலேயே, தரீம் நகருக்குக் கிழக்கே அமைந்திருக்கிறது.

அதே பள்ளத்தாக்கில்தான் ஷிபாம் என்னும் ஊரும் நிற்கிறது. சுடாத பச்சைச் செங்கல்லால் எழுந்த உயரமான வீடுகள் இவ்வளவு நெருங்கித் திரண்டு நிற்கும் ஊர் உலகில் வேறொன்று இல்லை எனலாம். உயர்ந்த கட்டடங்களைக் கண்டித்த ஒரு நபியின் நினைவு நிலவும் மண்ணில், அவரைப் போற்றும் மக்களே இத்துணை உயரமாகக் கட்டி வாழ்ந்தார்கள் என்றால், அவர்கள் அக்கண்டனத்தை மறந்தார்களா? அல்லது நாம் அதைப் பொருள்கொள்ளும் முறையில் ஏதேனும் குறை உண்டா? இச்சிறு கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இதனையே.

ஊரும் நிலமும்

ஹள்ரமௌத் யமன் நாட்டின் கிழக்குப் பகுதியாகும். கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கிச் சென்றால் வறண்ட பீடபூமி எதிர்ப்படும். அதனைப் பிளந்துகொண்டு செல்லும் பெரும் பள்ளத்தாக்கே 'வாதி ஹள்ரமௌத்'. ஆண்டின் பெரும்பகுதியில் அதில் நீரோட்டம் இராது. மலைமேல் மழை பெய்தால் 'ஸைல்' எனப்படும் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து வரும். அவ்வெள்ளத்தை வரப்புகளாலும் வாய்க்கால்களாலும் திருப்பிப் பேரீச்சந் தோப்புகளுக்கும் தானிய வயல்களுக்கும் பாய்ச்சியே அம்மக்கள் வாழ்ந்தனர். ஆதலால் வண்டல் படிந்த நிலம் அங்கே பொன்னுக்கு நிகர். வீடு பரப்புவதற்காக விளைநிலத்தைச் செலவிட அறிவுடையோர் எவரும் துணியார்.

பள்ளத்தாக்கின் நடுவே சற்று மேடிட்ட திட்டின்மீது மதில் சூழ ஷிபாம் எழுந்தது. கி.பி. 300-ஐ ஒட்டி, பழைய தலைநகராகிய ஷப்வா அழிந்தபின் ஷிபாம் ஹள்ரமௌத்தின் தலைநகராயிற்று என்பர். சாம்பிராணியும் நறுமணப் பொருள்களும் ஏற்றிச் சென்ற ஒட்டக வணிகர்கள் தங்கிச் செல்லும் நிலையமாகவும் அது விளங்கிற்று. அங்குள்ள ஜும்ஆப் பள்ளிவாசலின் பெரும்பகுதி 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. கோட்டை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1532-33-இல் வந்த பெருவெள்ளம் ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் மீண்டும் எழுப்பப்பட்ட ஊரின் அமைப்பையே இன்று நாம் காண்கிறோம்.

மதிலுக்குள் 400-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. பெரும்பாலானவை ஐந்து முதல் எட்டு அடுக்கு வரை உயர்ந்தவை. 30 மீட்டரை, அதாவது ஏறத்தாழ நூறு அடியை, நெருங்குவனவும் உண்டு. ஊருக்கு ஒரே பெருவாயில். சில நிமிடங்களில் குறுக்கே நடந்து கடந்துவிடத் தக்க பரப்பு. இவ்வளவு சிறு பரப்பில் இவ்வளவு உயரம் என்பதே ஷிபாமின் தனித்தன்மை. 1982-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இம்மதில் நகரை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

பெயரால் நேர்ந்த பிழை

ஷிபாமைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு பட்டத்தைச் சூட்டியே தொடங்குவர். 'பாலைவனத்தின் மன்ஹாட்டன்' என்பது அப்பட்டம். ஹான்ஸ் ஹெல்ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மானியப் பயணி 1932-இல் வெளியிட்ட ஹள்ரமௌத்துப் பயண நூலுக்கு இட்ட பெயரோ 'பாலைவனத்தின் சிக்காகோ'. அன்று தொட்டு இன்றுவரை இவ்விரு நகரங்களின் நிழலில் நிறுத்தியே ஷிபாமை உலகம் பார்க்கிறது.

இப்பட்டத்தை நாம் ஏற்பதற்கில்லை. பேரன் பெயரால் பாட்டனாரை அறிமுகப்படுத்தும் முறை எந்தக் குடும்பத்திலும் இல்லை. நியூயார்க்கிலும் சிக்காகோவிலும் வானளாவிய கட்டடங்கள் எழத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். உருக்குச் சட்டகமும் மின்தூக்கியும் இல்லையேல் அவை எழுந்திரா. ஷிபாமின் மாடங்களோ அவற்றுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே, மண்ணையும் வைக்கோலையும் மரத்தையும் சுண்ணாம்பையும் மட்டுமே நம்பி எழுந்தவை.

காலக் கணக்கைக் காட்டிலும் பெரிய பிழை வேறொன்று உண்டு. ஒப்புமை கூறுவோர் உயரத்தை மட்டுமே ஒப்பிடுகின்றனர். உயர்ந்ததன் நோக்கத்தை ஒப்பிடுவதில்லை. ஒரு கவிதையை அதன் அடிகளின் எண்ணிக்கையால் மதிப்பிடும் திறனாய்வாளன் எப்படியோ, கட்டடத்தை அதன் மீட்டர்க் கணக்கால் மட்டும் மதிப்பிடுகிறவனும் அப்படியே. எதற்காக உயர்ந்தது, எதனால் உயர்ந்தது, யாரை நோக்கி உயர்ந்தது என்று கேட்ட பின்னரே உயரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

'பைத்' என்னும் சொல்

அரபு மொழியில் 'பைத்' என்றால் வீடு. கவிதையின் ஓர் அடிக்கும் அதே பெயர்தான். நம் இல்லங்களில் மவ்லிது ஓதும்போது 'பைத்து' என்று நாம் வழங்குவதும் இச்சொல்லையே. அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த இமாம் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள் 8-ஆம் நூற்றாண்டில் தம் கலைச்சொற்களை வீட்டிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் எடுத்தார்கள். பாதி அடிக்கு 'மிஸ்ராஉ', அதாவது கதவின் ஓர் இலை. அசைக்குக் கயிறு என்றும் முளை என்றும் பெயர். வீட்டைக் கவிதையாகப் படிக்கும் உரிமையை அம்மொழியே நமக்குத் தந்திருக்கிறது. அவ்வுரிமையோடு ஷிபாமின் வீடொன்றைப் படித்துப் பார்ப்போம்.

அடித்தளத்தில் வெளிச்சத்துக்குரிய சன்னல்கள் இரா. தானியமும் பேரீத்தம் பழமும் விறகும் சேமிக்கும் இடம் அது. அதை அடுத்து ஆடுகளுக்கான இடம். அதற்கு மேல் ஆண்கள் விருந்தினரை வரவேற்கும் கூடம். செதுக்கிய மரத்தூண்களும் தாழ்ந்த சன்னல்களும் அங்கே உண்டு. அதற்கும் மேலே பெண்களும் குழந்தைகளும் புழங்கும் அறைகளும் அடுக்களையும். எல்லாவற்றுக்கும் உச்சியில், கோடை இரவுகளில் காற்று வாங்கிப் படுக்கும் திறந்த மாடி. அதைச் சுற்றி, அயலார் பார்வை விழாதபடி உயர்ந்த கைப்பிடிச் சுவர்.

நாம் வழக்கமாகப் பின்கட்டு என்றும் முன்கட்டு என்றும் தரைமீது நீள்கிடையாக வகுக்கும் குடும்ப ஒழுங்கு அங்கே கீழிருந்து மேலாக வகுக்கப்பட்டிருக்கிறது. தெருவுக்கு அருகில் பண்டமும் பிராணியும், நடுவே அந்நியர், மேலே குடும்பம், அதற்கு மேல் வானம். படி ஏற ஏற மறைவு கூடுகிறது. கோஷா முறை காக்கும் இல்லத்தின் இலக்கணம் செங்குத்தாக எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

சுவரும் அவ்வாறே. அடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் பருமன் உள்ள சுவர், மேலே செல்லச் செல்ல மெலிந்துகொண்டே போகும். அறைகளைத் தாங்கும் தூண்களும் விட்டங்களும் கதவுகளும் பெரும்பாலும் 'இல்ப்' எனப்படும் இலந்தை இன மரத்தால் ஆனவை. உச்சித் தளங்கள் மழைநீர் இறங்காதபடி சுண்ணாம்பு பூசி வெண்மையாக்கப்படும். மேல்தளங்களில் சில வீடுகளுக்கு இடையே வாயில்கள் உண்டு. முற்றுகைக் காலத்தில் தெருவில் இறங்காமலே ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்லவும், முதியோர் பல படிகள் இறங்கி ஏறாமல் உறவினரைக் காணவும் அவை உதவின. இப்பாட்டில் வீணான சீர் என்று நீக்கத்தக்கது எதுவும் நம் கண்ணுக்குப் படவில்லை.

மூன்று உரைகற்கள்

உயரத்தை நிறுத்துப் பார்க்க மறையும் நபிமொழியும் நமக்கு மூன்று சொற்களைத் தந்துள்ளன. முதலிரண்டும் ஹூது நபி அவர்களின் கண்டனத்திலே வருபவை. மூன்றாவது, ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கேள்விகள் கேட்ட புகழ்பெற்ற ஹதீஸில் வருவது.

முதற்சொல் 'அபஸ்'. பயனின்மை, வீண் விளையாட்டு என்பது அதன் பொருள். ஆது கூட்டத்தார் மேடுகளில் கட்டியது பழிக்கப்பட்டது உயரத்துக்காக மட்டும் அன்று. அது வீணுக்காகக் கட்டப்பட்டது என்பதற்காக. அன்ஸாரித் தோழர் ஒருவர் எழுப்பிய உயர்ந்த மாடத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் முகம் திருப்பிக்கொண்டதும், அத்தோழர் காரணம் அறிந்து அதனைத் தரைமட்டமாக்கியதும் அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளன. தவிர்க்க இயலாத அளவைக் கடந்த கட்டடம் அதன் உடையவருக்குச் சுமையாகும் என்ற கருத்தும் அங்கேயே இடம்பெறுகிறது. ஆக, தேவையே அளவுகோல்.

இவ்வளவுகோலால் ஷிபாமை அளந்தால் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். விளைநிலத்தை விழுங்காதிருக்க வேண்டும். வெள்ளத்துக்கு எட்டாத சிறு திட்டிலேயே அனைவரும் அடங்க வேண்டும். குலங்களுக்கிடையே பகை மூளும்போது மதிலுக்குள் பாதுகாப்பு வேண்டும். வெயிலில் தெருக்களுக்கு நிழல் வேண்டும். வீடுகள் நெருங்கி உயர்ந்ததால் சந்துகள் நண்பகலிலும் நிழல் பெறுகின்றன. நிலம் பரவ இடமளிக்கவில்லை; அதனால் ஊர் மேலே சென்றது.

இரண்டாம் சொல் 'குலூத்'. என்றும் நிலைத்திருத்தல் என்பது பொருள். இறவாமல் இருக்கப் போகிறவர்களைப்போலக் கட்டுகிறீர்களே என்பதே நபியின் கேள்வி. அக்கட்டுமானங்களை மறை 'மஸானிஉ' என்று குறிக்கிறது. அதற்குக் கோட்டை மாளிகைகள் என்று சிலரும், நீர்த்தேக்கங்கள் என்று வேறு சிலரும் உரை கூறுவர். எதுவாயினும், குற்றம் கட்டடத்திலன்று, கட்டியவன் நெஞ்சில் இருந்த மயக்கத்தில் என்பது தெளிவு.

மண் வீட்டில் குடியிருப்பவனுக்கு அம்மயக்கம் எளிதில் வாராது. மழைக்குப் பின் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். உச்சியில் சுண்ணாம்பை மீண்டும் பூச வேண்டும். கைவிட்ட வீடு சில பருவங்களிலேயே கரையத் தொடங்கும். இடிந்த வீட்டின் மண்ணை நீர்விட்டுக் குழைத்து, வைக்கோல் சேர்த்து, அச்சிலிட்டு, வெயிலில் காய வைத்தால் அதுவே அடுத்த வீட்டின் செங்கல். மண்ணிலிருந்து எழுந்து மண்ணுக்கே திரும்பி மீண்டும் மண்ணிலிருந்து எழுப்பப்படும் மனிதனின் நிலையை இதனினும் எளிதாக ஒரு கட்டடம் சொல்லிவிட முடியுமா? ஷிபாமின் வீடு நூற்றாண்டுகள் நின்றதுண்டு. ஆனால் ஒவ்வோராண்டும் ஒருவன் அதனைக் கைதொட்டுக் காத்ததனால் நின்றது.

ஹூது நபி அவர்களின் அடக்கத்தலத்தை ஒட்டியும் ஓர் ஊர் உண்டு. தெருக்களும் வீடுகளும் ஒழுங்காக அமைந்த ஊர். ஷஅபான் மாதத்து ஜியாரத் நாள்களில் மட்டும் அது மக்களால் நிறையும். மற்ற நாள்களில் ஆளரவமற்றிருக்கும். வீடு என்பது தங்கிச் செல்லும் இடமே என்பதை அந்த ஊர் ஆண்டுதோறும் கற்பிக்கிறது.

மூன்றாம் சொல் 'ததாவுல்'. இறுதி நாளின் அடையாளங்களுள் ஒன்றாக, காலில் செருப்பின்றி ஆடு மேய்த்து வந்தோர் கட்டடங்களில் 'ததாவுல்' செய்வதைக் காண்பீர் என்று அந்த ஹதீஸ் அறிவிக்கிறது. இதனைப் பலர் 'உயரமாகக் கட்டுவர்' என்று மொழிபெயர்த்து நிறுத்திவிடுகின்றனர். ஸர்ஃபு இலக்கணம் ஓதியோர் அவ்வாறு நிறுத்தலாகாது. இச்சொல் 'தஃபாஉல்' என்னும் வாய்பாட்டில் அமைந்தது. ஒருவரை ஒருவர் எதிர்நோக்கிச் செய்யும் செயலை அவ்வாய்பாடு குறிக்கும். 'தகாஸுர்' என்ற சூராவின் பெயரை நம் பிள்ளைகளும் அறிவர். பெருகுதல் வேறு, பெருக்கத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடுதல் வேறு. அப்படியே, உயர்தல் வேறு; உயரத்தில் போட்டியிடுதல் வேறு. ஹதீஸ் சுட்டுவது பின்னதையே.

இப்போட்டி எவ்வாறிருக்கும் என்பதற்கு மன்ஹாட்டனே சான்று தருகிறது. 1929-இல் கிரைஸ்லர் கட்டடத்தை எழுப்பியோர், அதே காலத்தில் வால் தெருவில் எழுந்துகொண்டிருந்த மற்றொரு கட்டடத்தை விஞ்சுவதற்காக, உருக்குக் கூர்முடி ஒன்றைக் கட்டடத்துக்குள்ளேயே மறைவாக இணைத்து வைத்திருந்து, இறுதியில் திடீரென உச்சியில் ஏற்றினர். அதனால் 319 மீட்டர் உயரம் எய்தி உலகில் முதலிடம் பெற்றனர். 1931-இல் 381 மீட்டர் எம்பயர் ஸ்டேட் கட்டடம் திறக்கப்பட்டபோது அம்முதலிடம் பறிபோயிற்று. அந்தக் கூர்முடியில் எவரும் குடியிருக்கவில்லை. எவருக்கும் அது நிழல் தரவில்லை. அடுத்தவரைத் தாழ்த்துவதே அதன் பணி. 'ததாவுல்' என்ற சொல்லுக்கு இதனினும் சிறந்த உரை எழுத இயலாது.

ஷிபாமைத் தொலைவிலிருந்து நோக்கினால் அதன் உச்சிகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்பது தெரியும். தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்த ஸஃப்பைப் போன்றது அக்காட்சி. ஒரு வீட்டைத் தனியே சுட்டி 'இதுவே ஊரின் உயர்ந்த கட்டடம்' என்று காட்ட விரும்புகிறவன் அங்கே தடுமாறுவான். மிக உயர்ந்த கட்டடம் எது என்ற கேள்வியையே மழுங்கச் செய்த ஊர் அது.

குறையும் கூறல் வேண்டும்

புகழ்வதோடு நின்றால் அது திறனாய்வு ஆகாது. ஷிபாமின் மாடங்களில் பெருமை உணர்வு அறவே இல்லை என்று கூறுவது மிகை. பகைகொண்ட குடும்பங்களின் பாதுகாப்புத் தேவையோடு அவற்றின் செல்வச் செருக்கும் அக்கட்டடங்களில் வெளிப்படுவதாக யுனெஸ்கோவின் குறிப்பும் கூறுகிறது. உச்சியில் பூசிய வெண்சுண்ணாம்பு மழையைத் தடுத்ததோடு வீட்டுக்காரரின் வசதியையும் ஊருக்கு அறிவித்தது. செதுக்கு வேலை மிகுந்த கதவும் அவ்வாறே. அத்தனை படிகளிலும் நீர் சுமந்து ஏறிய பெண்டிரின் முழங்கால் வலியைக் கட்டடக் கலை நூல்கள் எழுதுவதில்லை. பிற்காலத்தில் குழாய் நீர் வந்து அத்துயர் தணிந்தது. ஆனால் குழாய்க் கசிவும் கழிவுநீரும் மண்சுவரின் அடியை அரிக்கலாயின.

மற்றொரு குறையும் உண்டு. அது நம் குடும்பங்களுக்கு நன்கு புரியும். ஹள்ரமௌத்தின் வீடுகள் பலவற்றை எழுப்பியது அம்மண்ணின் விளைச்சல் மட்டும் அன்று. ஜாவா, சிங்கப்பூர், ஹைதராபாத், கிழக்கு ஆப்பிரிக்கா எனப் பரவிச் சென்ற ஆண்மக்கள் அனுப்பிய பணமே பேரளவில் அவற்றைத் தாங்கிற்று. 1942-இல் ஜப்பானியப் படை தென்கிழக்காசியாவைக் கைப்பற்றியதும் அப்பணம் நின்றது. மழையும் பொய்க்கவே, 1943-44-இல் ஹள்ரமௌத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. மாடங்கள் நின்றன, அவற்றுள் அடுப்பு எரியவில்லை. கடல்கடந்த பொருளை நம்பி உயரும் வீடு அப்பொருள் ஓடும் வழி அடைபடும் நாளையும் எண்ணி எழ வேண்டும். வளைகுடாப் பணத்தால் வீடு கட்டும் நம் ஊர்களுக்கும் இப்பாடம் உரியது.

தரீமின் மினாரா

ஷிபாமிலிருந்து பள்ளத்தாக்கு வழியே கிழக்கே சென்றால் ஸையூன், அதனை அடுத்துத் தரீம். ஆண்டின் நாள்களுக்கு ஈடான எண்ணிக்கையில் பள்ளிவாசல்கள் உள்ள ஊர் என்று மரபுரை கூறும் தரீம், நமக்கு அந்நியமான ஊரன்று. நம் ஊர்களிலும் இலங்கையிலும் பல இல்லங்களிலும் பள்ளிகளிலும் ஓதப்பட்டு வரும் 'ராத்திபுல் ஹத்தாது'வைத் தொகுத்தளித்த இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவீ அல்ஹத்தாது (ரஹ்) அவர்கள் (1634-1720) வாழ்ந்து அடங்கிய ஊர் அது. இளமையிலேயே பார்வை இழந்த அப்பெருமகனாரின் சொற்கள், அவர்தம் ஊரின் எந்தக் கட்டடத்தைக் காட்டிலும் தொலைவுக்கு எட்டின என்பதை இவ்விடத்தில் நாம் நினைவுகூர்தல் தகும்.

தரீமின் மிக உயர்ந்த கட்டடம், 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் உமர் அல்மிஹ்ளார் (ரஹ்) அவர்கள் பெயரால் வழங்கும் பள்ளிவாசலின் மினாரா. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அது, 150 அடிக்கும் மேல் உயர்ந்து, உலகின் மிக உயரமான மண் மினாராக்களுள் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது. சதுர வடிவில், மேலே செல்லச் செல்லக் குறுகி எழும் அதன் நளினம் சொல்லில் அடங்காது. தனித்து உயர்ந்த இது 'ததாவுல்' ஆகாதோ எனில், ஆகாது என்போம். அது எந்த வீட்டோடும் போட்டியிடவில்லை. ஊரார் அனைவரையும் ஒரே அழைப்பால் கீழே ஒரே வரிசையில் நிறுத்துவதற்காக உயர்ந்த உயரம் அது. உயர்ந்தது அழைப்பு, அழைப்பவர் உயரவில்லை.

அதே தரீமில் அல்காஃப் குடும்பத்தார் சிங்கப்பூர் வணிகத்தால் ஈட்டிய பெருஞ்செல்வத்தைக் கொண்டு எழுப்பிய மாளிகைகளும் உள. ஐரோப்பியத் தூண்களையும் வளைவுகளையும் தென்கிழக்காசிய அலங்காரங்களையும் மண்ணாலும் சுண்ணாம்பாலும் வடித்துக் காட்டிய அவற்றில் கைத்திறன் வியக்கத்தக்கது. எனினும் பிறமொழிச் சந்தத்தில் எழுதிய பாட்டைப்போல, காதுக்கு இனிமையும் நெஞ்சுக்குச் சற்றே அயன்மையும் தருகின்றன. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஸையிது அபூபக்ர் அல்காஃப் அவர்கள் தம் பொருளைச் செலவிட்டு அமைத்த, தரீமைக் கடற்கரையோடு இணைக்கும் சாலையையே அம்மாளிகைகளினும் சிறந்த கட்டுமானமாக நாம் எண்ணுகிறோம்.

கஃபாவின் அருகே ஒரு கோபுரம்

உயரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபின் மக்காவைப் பேசாது விடுதல் நேர்மையாகாது. 2012-இல் முற்றுப்பெற்ற 601 மீட்டர் உயரக் கடிகாரக் கோபுரம் ஹரம் ஷரீஃபை ஒட்டி நிற்கிறது. அது எழுந்த கட்டடத் தொகுதிக்கு இடம் தர, உதுமானியர் காலத்து அஜ்யாது கோட்டை 2002-இல் இடிக்கப்பட்டது. அக்கோபுரத்தை எழுப்பிய கட்டுமானக் குழுமத்தை நிறுவியவர் ஹள்ரமௌத்து மண்ணில் பிறந்தவர் என்பது வரலாற்றின் வியப்பான முடிச்சு.

நாம் வகுத்துக்கொண்ட உரைகற்களால் இதனையும் உரசிப் பார்ப்போம். 'அபஸ்' என்று முழுவதும் கூறிவிட இயலாது. ஆண்டுதோறும் பெருகிவரும் ஹாஜிகளுக்குத் தங்குமிடம் வேண்டும். ஆயினும் தங்குமிடத்துக்கு அறுநூறு மீட்டர் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை கிடைப்பது அரிது. மக்காவின் தொன்மையான வரலாற்றாசிரியர் அஸ்ரகீ அவர்கள், கஃபாவை விஞ்சி நோக்கும் வீடுகளை விட்டுவைக்காத பழைய வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். சட்டமாக அதனை இன்று வலியுறுத்த நாம் முன்வரவில்லை. ஆனால் அவ்வழக்கத்தின் உள்ளே இருந்த அதபு, அந்த நாணம், கைவிடத்தக்கதன்று. தலை நிமிர்த்திப் பார்க்கும் கட்டடமாக அன்றி, நெஞ்சு தாழ்த்தி நோக்கும் திசையாகவே கஃபா நமக்கு அளிக்கப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். அவ்வுயரத்தை மிஞ்சிய கட்டடங்கள் உலகில் எண்ணில. அதனை நோக்கித் தாழும் நெற்றிகளுக்கோ குறைவில்லை. எந்தக் கட்டடத்தையும் அளக்க வேண்டிய உண்மையான அளவு அங்கே இருக்கிறது.

இன்று அம்மாடங்களின் நிலை

ஷிபாமைக் காக்கும் பணியில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி யமன் அரசும் ஜெர்மன் தொழில்நுட்ப உதவி அமைப்பும் இணைந்து இறங்கின. வெளியாள்களையும் சிமெண்டையும் கொண்டுவந்து குவிக்காமல், உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டு, குடியிருப்போரின் பங்களிப்போடு, மண்ணாலேயே வீடுகளைச் செப்பனிட்டனர். அப்பணிக்கு 2007-இல் ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே, 2008 அக்டோபரில், ஹள்ரமௌத்தில் பெருவெள்ளம் வந்து பல உயிர்களைப் பறித்தது. பல மண் வீடுகள் சரிந்தன. 2015-இல் யமனில் போர் மூண்ட நிலையில், யுனெஸ்கோ ஷிபாமை அபாயத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

வெள்ளத்தையும் போரையும் தாங்கி எழுந்த வரலாறு அவ்வூருக்கு உண்டு. ஆனால் மண் குழைக்கவும் சுண்ணாம்பு அடித்துப் பதப்படுத்தவும் அறிந்த கைகள் அற்றுப்போனால் அது மீள்வது கடினம். கற்கோட்டை ஆளில்லாமலும் நிற்கும்; மண் மாடம் நிற்காது. ஹள்ரமௌத்தில் தலைமைக் கொத்தனாரை 'முஅல்லிம்' என்று அழைப்பர். நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவரைக் குறிக்கும் அதே சொல்! ஒரு தலைமுறை கற்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது இடிபாடே என்பதை இரு முஅல்லிம்களும் அறிவர். ஏட்டுக்கும் அது பொருந்தும், வீட்டுக்கும் பொருந்தும்.

ஆது கூட்டத்தாரின் கட்டுமானங்கள் எங்கே நின்றன என்று சுட்டிக்காட்ட இன்று ஒரு சுவர் இல்லை. ஹூது நபி அவர்களின் கேள்வி மட்டும் நின்று நிலவுகிறது. ஷிபாமின் மக்கள் அக்கேள்வியைச் செவிமடுத்துக்கொண்டே கட்டினார்கள் என்று நாம் கருதுகிறோம். தேவைக்கு உயர்ந்து, அண்டை வீட்டாரோடு சமமாய் நின்று, ஆண்டுதோறும் தன் நிலையாமையைத் தானே ஒப்புக்கொள்ளும் வீடு, அக்கேள்விக்கு மண்ணால் எழுதிய பணிவான விடை. நம் ஊர்களில் புதுவீட்டுக்கு அஸ்திவாரம் இடுவோரும், மாடிமேல் மாடி எழுப்புவோரும், பள்ளிவாசல் மினாராக்களை அடுத்த ஊரினும் ஓரடி கூட்டத் துடிக்கும் ஜமாஅத்தாரும், கொத்தனாரிடம் அளவு சொல்லுமுன் அந்த மூன்று சொற்களை ஒருமுறை நினைவில் கொள்வார்களாயின், கட்டும் சுவர்கள் சுமையாகா.

ஹள்ரமௌத்து மக்களுக்கு வல்ல அல்லாஹ் அமைதியையும் நல்ல மழையையும் அருள்வானாக! நாம் கட்டும் வீடுகளை நமக்குச் சான்றாக்குவானாக, நமக்கெதிரான சான்றாக்காதிருப்பானாக! ஆமீன்.